ஆசைப்பட்டதைக் கொடுங்க

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக் கதை பேசும்போது ஒரு வாக்கியம் வரும். "வயித்தத் தொறந்து பாத்தாங்களாம், அப்படியே மூடிட்டாங்களாம்." இதைக் கேட்ட பிறகு யாரும் மேற்கொண்டு விவரம் கேட்கமாட்டார்கள். உச்சுக் கொட்டிவிட்டு, பிள்ளைகள் எத்தனை, மூத்தவளைக் கட்டிக் கொடுத்தாயிற்றா என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அப்படித் திறந்து பார்த்து மூடப்பட்ட வயிறுகளில் ஒன்று என்னுடையது. அது எண்பதுகளின் கடைசியில் நடந்தது. நான் இன்னும் இருக்கிறேன். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்காவது வயிற்றில் கத்தி வைக்க வேண்டும் என்றால் முதலில் என்னிடம்தான் கூட்டி வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் குருவம்மாள். அப்போது எனக்கு நாற்பதை ஒட்டிய வயது. பேண்டேஜ் துணி மடிக்கும் வேலை பார்த்தேன். நெய்து வெளுத்து வரும் துணியை அளவாக வெட்டி, மடித்து, கட்டுக் கட்டாக அடுக்க வேண்டும். எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரிக்கோ அது போகும். என் வீட்டுக்காரர் செல்லத்துரை பஸ் டிரைவர். சேத்தூரில் கிளம்பி, ராஜபாளையம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பும் பஸ் அவருடையது. வீட்டில் அதிகம் பேசமாட்டார். "சோறு", "தண்ணி", "வாரேன்" என்று மூன்று சொல்லில் குடும்பம் நடத்திய மனிதர். ஒரே மகள் வசந்தா, பத்தாம் வகுப்பு.

சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் தொப்புளுக்கு வலது பக்கம் கீழே ஒரு பந்து உருளுவது மாதிரி இருக்கும். கடமுடா என்று சத்தம் வேறு. பிறகு சுருட்டிப் பிடித்து வலிக்கும். சாயங்காலமானால் மேல் சுடும். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. நான் ஓமத் தண்ணீர் குடித்தேன், பெருங்காயம் கரைத்துக் குடித்தேன், பெட்டிக்கடையில் சோடா வாங்கி ஏப்பம் விட்டுப் பார்த்தேன். வலியைக்கூட வரிசையில் நிற்க வைக்கிற ஆள் நான். வசந்தா பரீட்சை முடியட்டும், நாத்தனார் வீட்டு விசேஷம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே ஆறு மாதத்தை ஓட்டிவிட்டேன். ஒருநாள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே துணிக் கட்டின்மேல் மயங்கி விழுந்துவிட்டேன். கூட வேலை செய்தவர்கள் என்னைத் தூக்கி, என் வீட்டுக்காரரின் பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டார்கள்.

ராஜபாளையத்தில் இல்லாத ஆஸ்பத்திரியா என்று கேட்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அவர் பஸ் போகும் ரோட்டிலேயே இருந்தது. அங்கே சேர்த்தால் ஒவ்வொரு டிரிப்பிலும் வாசலைத் தாண்டிப் போகலாம் என்பது அவர் கணக்கு. தினமும் லீவு போட முடியாது அல்லவா. வாசலைத் தாண்டும்போது ஹாரனை இரண்டு தரம் சின்னதாக அடிப்பார். எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் வார்டு முழுவதும் அதைத் தெரிந்து வைத்திருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரி, "எக்கா, ஒங்க ஆளு போறாரு" என்பாள். ஆஸ்பத்திரி முன்னால் ஹாரன் அடிக்கக் கூடாது என்று போர்டு வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் ஒருநாள் பஸ்ஸை மறித்துச் சண்டைக்குப் போனார். மறுநாளிலிருந்து ஹாரன் இன்னும் சின்னதாகக் கேட்டது, ஆனால் கேட்டது.

பரிசோதனைகளைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஈ.எஸ்.ஆர். என்று ஒன்று எடுப்பார்கள். ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்து, சிவப்பு எவ்வளவு வேகமாக அடியில் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். வேகமாக இறங்கினால் உடம்புக்குள் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. வீட்டுக்குள் திருடன் இருந்தால் நாய் குரைக்கும், திருடன் பெயரைச் சொல்லுமா? எனக்கு அந்த நாய் குரைத்துத் தள்ளியது. அடுத்தது பேரியம் எக்ஸ்ரே. சுண்ணாம்பைக் கரைத்தது மாதிரி ஒரு வெள்ளைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, அது குடலில் இறங்க இறங்கப் படம் எடுப்பார்கள். குமட்டும், ஆனால் வலிக்காது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் என் குடல் சுருங்கிப் போய், ஒரு வீக்கம் இருப்பது படத்தில் தெரிந்தது.

இந்தப் பரிசோதனை நாட்களில் பாதிக்கு மேல் பெஞ்சில்தான் போகும். ரத்தம் கொடுக்க ஒரு பெஞ்சு, படம் எடுக்க ஒரு பெஞ்சு, படத்தை டாக்டர் பார்ப்பதற்கு ஒரு பெஞ்சு. என்னோடு பெஞ்சில் இருந்தது என் நாத்தனார் பொன்னுத்தாய், என் வீட்டுக்காரரின் தங்கை. நல்லவள், ஆனால் வாய் சும்மா இருக்காது. எந்தெந்த ஊரில் யார் யாருக்கு வயிற்றில் கட்டி வந்து என்ன ஆனார்கள் என்று வரிசையாகச் சொல்வாள். "ஏட்டி, பொழைச்ச ஆளு ஒருத்தரும் ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "பொழைச்சவுகளப் பத்தி யாரு மதினி பேசறா?" என்றாள். அதுவும் சரிதான்.

சர்ஜன் பெரிய படிப்புப் படித்தவர், கைராசிக்காரர், ஆனால் பேச்சில் சிக்கனம். வீக்கம் எதனால் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார். திறந்தார். எனக்கு முகத்தில் எதையோ வைத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது தாகம். தாகம் என்றால் அப்படியொரு தாகம். தண்ணீர் தரக் கூடாதாம். எஸ்தர் என்று ஒரு நர்ஸ், துணியை நனைத்து உதட்டில் ஒற்றிவிட்டுக்கொண்டே இருந்தார். வயிற்றில் தடவிப் பார்த்தேன். பேண்டேஜ் துணி. எத்தனை வருஷம் மடித்திருக்கிறேன், அது எந்த உடம்புக்குப் போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. "யாரு மடிச்சதோ, நல்லா மடிச்சிருக்கா" என்று மயக்கத்தில் சொன்னேனாம். எஸ்தர் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் மயக்கத்தில் கிடந்தபோது வராந்தாவில் நடந்ததுதான் இந்தக் கதையின் முடிச்சு. டாக்டர் வெளியே வந்து அண்ணனையும் தங்கையையும் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: "உள்ளே கட்டி மாதிரி இருக்கு. எடுக்கலை. ஒரு துண்டு மட்டும் எடுத்து மதுரைக்கு அனுப்பியிருக்கேன், ரிசல்ட் வரட்டும். தையல் பிரிச்சதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. உடம்பு ரொம்ப வீக்கா இருக்கு. ஆசைப்பட்டதையெல்லாம் சாப்பிடக் கொடுங்க." எப்போது திரும்ப வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் ஒரு டாக்டர் திறந்து பார்த்து, எதையும் எடுக்காமல் மூடி, வீட்டுக்குக் கூட்டிப் போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பொன்னுத்தாய் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் டாக்டர் போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். ஓடிப்போய், "சார், என்ன நோய்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் கேட்கவில்லை. "கேட்டா வாயத் தொறந்து சொல்லிருவாரோன்னு பயம் மதினி" என்று பொன்னுத்தாய் பின்னால் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தேன். விஷயம் எனக்குத் தெரியக் கூடாது என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஆனால் மறைக்கத் தெரிய வேண்டுமே! என் வீட்டுக்காரர் தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கி வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக மல்லிகைப்பூ வாங்கி வந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசி டப்பாமேல் வைத்தார். எத்தனையோ வருஷமாக என்னோடு பேசாத என் சித்தப்பா மகன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிடாத தாயி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். வசந்தா சொல்லாமலே வந்து எனக்குத் தலைவாரிவிட்டாள். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ஒனக்கு என்ன ஆசை? எதுன்னாலும் சொல்லு."

எனக்கும் லேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனால் உறுதியானது மாம்பழத்தால்தான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மாம்பழ சீசனில் வீட்டுக்கு வீடு ஒரு சட்டம் உண்டு. வைக்கோலில் பரப்பி வைத்த பழத்தில் எது கறுக்கத் தொடங்குகிறதோ அதை முதலில் தின்ன வேண்டும். இல்லாவிட்டால் வீணாகிவிடும். நியாயமான சட்டம்தான். ஆனால் இன்றைக்குக் கறுத்ததைத் தின்று முடிப்பதற்குள் நாளைக்கு இன்னொன்று கறுத்திருக்கும். நல்ல பழம் தன் முறைக்காகக் காத்திருந்து, கறுத்த பிறகுதான் கைக்கு வரும். ஆக, கூடை கூடையாக நல்ல பழம் வாங்கி, சீசன் முழுக்க அழுகல் பழம் தின்னும் ஜனம் நாங்கள். அதிலும் வெட்டிக் கொடுக்கிற பொம்பளைக்குக் கிடைப்பது கொட்டைதான்.

அன்றைக்கு ஒரு கூடை சப்பட்டை மாம்பழம் வந்திருந்தது. நான் வழக்கம்போலக் கறுத்த பழமாகத் தேடி எடுத்து, அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் அதை என் கையிலிருந்து பிடுங்கி வெளியே எறிந்தார். கூடையைக் கிளறி, இருந்ததிலேயே நல்ல பழத்தை எடுத்து, தானே அறுத்து, இரண்டு கன்னத்தையும் என் தட்டில் வைத்துவிட்டுக் கொட்டையை அவர் வாயில் வைத்துக்கொண்டார். எனக்கு விளங்கிவிட்டது. இந்த வீட்டில் எனக்கு ஒரு நல்ல மாம்பழம் முழுசாகக் கிடைக்கிறது என்றால் நான் சாகப் போகிறேன் என்றுதான் அர்த்தம்.

அந்தப் பழத்தைத் தின்றுவிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். சாவு பயம் ஒரு பங்கு என்றால் வசந்தாவை நினைத்து வந்த பயம் மூன்று பங்கு. அதற்கு நடுவில் இன்னொன்றும் உறுத்தியது. வருகிறவர்கள் எல்லாம் என்ன ஆசை என்று கேட்கிறார்கள். எவ்வளவு யோசித்தாலும் எனக்குப் பதில் வரவில்லை. அவருக்கு என்ன பிடிக்கும், வசந்தாவுக்கு என்ன பிடிக்கும், பொன்னுத்தாய் வந்தால் குழம்பில் எவ்வளவு காரம் போட வேண்டும் என்பதெல்லாம் தெரியும். எனக்கு என்ன பிடிக்கும் என்பது எனக்கே தெரியாது. எல்லாவற்றையும் பிறகு, பிறகு என்று தள்ளி வைத்ததில் எதைத் தள்ளி வைத்தேன் என்பதே மறந்து போயிருந்தது. இப்படியே போய்ச் சேர்ந்தால் என் கட்டை வேகாது என்று தோன்றியது.

டாக்டர் வரச் சொன்ன நாள் வந்தது, போனது. யாரும் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. போய் என்ன ஆகப் போகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அதையேதான் நினைத்தேன். தெரியாதது மாதிரி அவர்கள் நடித்தார்கள், தெரியாதது மாதிரியே நானும் நடித்தேன்.

மேலும் சில நாள் யோசித்த பிறகுதான் எனக்கு ஒரு ஆசை இருப்பது தெரிந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"எனக்கு ஒங்க பஸ்ல போகணும்."

"எங்கிட்டுப் போகணும்?"

"எங்கிட்டும் இல்ல. மொத டிரிப்புலேர்ந்து கடேசி டிரிப்பு வரைக்கும் நீங்க போற எடமெல்லாம் நானும் வரணும்."

"தையல் பிரிச்ச வயிறுட்டி. குலுங்கும்."

"என்ன ஆசைன்னு கேட்டீகள்லா? இதான் ஆசை."

அதற்குமேல் அவரால் என்ன சொல்ல முடியும்? மறுநாள் விடிந்ததும் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த நீள சீட்டில் போர்வையை மடித்துப் போட்டு உட்கார வைத்தார். கண்டக்டர் தங்கராசு டிக்கெட் வேண்டாம் என்றான். "போடுலே டிக்கெட்ட. ஓசியில போனாப் பொறவு மேல போயும் செக்கிங் வந்து நிக்கும்" என்றேன். அவன் முகம் சுண்டிவிட்டது. அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த ரோட்டில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கல்யாணத்துக்கு, கருமாதிக்கு, கடைசியாக ஆஸ்பத்திரிக்கு. ஒரு தடவைகூட ஜன்னலுக்கு வெளியே பார்த்ததில்லை. மேற்கே மலை கூடவே வருகிறது. அதன் தலையில் மேகம் படுத்திருக்கிறது. கண்மாயில் மீதித் தண்ணீர், தென்னந்தோப்பு, மில் கேட்டில் ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சோடு வெளியே வரும் ஆட்கள், ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போது மரங்களுக்கு மேலே எழும்பும் கோபுரம். ஆனால் நான் இவற்றைவிட அதிகமாகப் பார்த்தது டிரைவரைத்தான்.

வீட்டில் மூன்று சொல் பேசுகிற மனிதர் பஸ்ஸில் வாய் ஓயவில்லை! "ஏலே மாடசாமி, ஒங்கய்யாவுக்கு மூட்டுவலி தேவலையா?" "எக்கா, பைய ஏறுங்க, பஸ்ஸு எங்கயும் போயிறாது." ஸ்டாப்பே இல்லாத இடத்தில் கூடைக்காரி ஒருத்திக்காக நிறுத்தினார். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்து, கியர் மாட்டாதது மாதிரி பாவனை செய்தார். இந்த ஆளுடனா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன்? எனக்குப் பொறாமையாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அன்றைக்குப் பள்ளம் வந்தால் பஸ்ஸை ஊர்ந்து போகவிட்டார். "என்ன டிரைவரண்ணே, பஸ்ஸா இது, தேரா?" என்று ஒருத்தன் கத்தினான். தங்கராசு அவன் காதில் ஏதோ சொன்னான். அடுத்த பள்ளத்தில் அவனே, "பைய ஓட்டுங்கண்ணே" என்றான்.

மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கொஞ்ச நேரம் ஓய்வு உண்டு. என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி மடவார் வளாகம் கோயிலுக்குக் கூட்டிப் போனார். வைத்தியநாத சுவாமியிடம் முறையிட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார். நேரம் பார்க்கவில்லை. நடை சாத்தியிருந்தது. சாத்திய கதவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்ற அந்த மனிதரைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"விடுங்க. சாமிக்கும் சாப்பாட்டு நேரம்" என்றேன். பிறகு, "எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"நான் பொழைக்கமாட்டேன்னு தெரியும். மாம்பழத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன்."

கும்பிட்ட கை அப்படியே இருந்தது. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது. "நீ போயிட்டா எனக்கு என்னட்டி தெரியும்? வீட்டுல உப்பு எங்க இருக்குன்னுகூடத் தெரியாதே" என்றார்.

"அடுப்புக்கு மேல ரெண்டாவது டப்பா. இன்னைக்கே காட்டித் தாரேன். அதுக்காக இப்பமே அழுது இருக்கற நாளையும் கெடுக்கணுமா? பஸ்ல பேசற மாதிரி எங்கிட்டயும் பேசுங்க. எனக்கு அம்புட்டுதான் வேணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் பேசினார். முன்னும் பின்னுமாக, மூச்சு விடாமல் பேசினார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் கொடுத்த காப்பியில் சர்க்கரையே இல்லை என்பதை அன்றைக்குத்தான் சொன்னார். எனக்கு வலி இருந்தது, சாவு இருந்தது, ஆனால் பயம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சாயங்கால டிரிப்பில் ஆஸ்பத்திரி வாசலில் டூட்டி முடிந்த நர்சுகள் கொஞ்சம் பேர் ஏறினார்கள். அவர்களில் எஸ்தரும் ஒருவர். என்னைப் பார்த்ததும் நடு பஸ்ஸில் நின்றபடியே சத்தம் போட்டார்.

"ஏம்மா குருவம்மா! எங்க போனீங்க? ரிசல்ட்டு வந்து எத்தன நாளாக் கெடக்கு! டாக்டர் தெனம் கேக்காரு. மாத்திரைய ஆரம்பிக்கணுமில்ல?"

"எதுக்கு சிஸ்டர் மாத்திரை? அதான் முடிஞ்சு போச்சே."

"என்ன முடிஞ்சு போச்சு? ஒங்களுக்குக் குடல்ல டி.பி. மாத்திரை சாப்ட்டாச் சரியாப் போயிரும்."

பஸ் நின்றது. ஸ்டாப் இல்லை, ஒன்றும் இல்லை, நடு ரோட்டில் நின்றது. என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குனிந்துவிட்டார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. தங்கராசு விசில் அடிக்க மறந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

எஸ்தர் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், மறுநாள் டாக்டர் எங்களைப் பிடித்துக்கொண்டார். "யாரு உங்களுக்குக் கேன்சர்னு சொன்னது?"

"நீங்கதான சார், தொறந்து மூடிட்டு, ஆசைப்பட்டதையெல்லாம் கொடுங்கன்னீக" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் என் எடை எழுதிய சீட்டை எடுத்துக் காட்டினார். "எலும்பும் தோலுமா இருந்தாங்க. அதனால சாப்பாடு கொடுக்கச் சொன்னேன். அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்லையே" என்றார். பிறகு, பேச்சில் சிக்கனம் பிடிக்கிற அந்த மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். காசநோய் என்றால் இருமலும் நுரையீரலும்தான் என்று நாம் நினைக்கிறோம். அந்தக் கிருமி காய்ச்சாத பால் வழியாகவோ வேறு விதத்திலோ குடலுக்குப் போனால், அங்கேயும் உட்கார்ந்து வீங்க வைக்கும். வெளியிலிருந்து பார்க்கக் கேன்சர் மாதிரியே இருக்கும். ஒரு துண்டை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் எது என்று தெரியும். அதற்குத்தான் திறந்தார், அது தெரிகிற வரைக்கும் எதையும் எடுக்காமல் மூடினார். இன்னும் நாள் கடத்தியிருந்தால் குடல் அடைத்து, டி.பி.யே என்னைக் கொன்றிருக்கும் என்றும் சொன்னார். அவர் வரச் சொன்ன நாளை நாங்கள் எல்லோரும் நடித்தே கடத்தியது அப்போது நினைவுக்கு வந்தது. டாக்டர் சொல்வது புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் இன்னொரு தரம் கேளுங்கள். இவ்வளவு எழுதுவதே அதற்காகத்தான்.

முதலில் தினமும் ஊசி. முக்கால் வருஷம் மாத்திரை, நடுவில் ஒருநாள்கூட விடக் கூடாது. அதில் ஒரு மாத்திரை சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். முதல் நாள் பார்த்துவிட்டு ரத்தம்தான் போகிறது என்று வீட்டையே கூட்டிவிட்டேன். இந்தத் தடவை பொன்னுத்தாய் தாமதிக்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் டாக்டரையே கேட்டுவிட்டு வந்து, "மாத்திரைச் சாயந்தானாம் மதினி" என்றாள். ஒட்டுவாரொட்டி நோய், தட்டைத் தனியாக வையுங்கள் என்று தெருவில் யாரோ சொன்னார்கள். அவள் அவர்கள் கண்ணெதிரே என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றாள். கம்மல் அடகுக்குப் போனது, திரும்பி வந்தது. அந்தக் கதை எல்லா வீட்டிலும் உண்டு.

உடம்பு தேறியது. தேறத் தேற ஒன்றைக் கவனித்தேன். பால்கோவா நின்றது, பூ நின்றது. சித்தப்பா மகன் வருவதும் நின்றது. எனக்கு என்ன ஆசை என்று யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரும் மெல்ல மெல்ல மூன்று சொல்லுக்கே திரும்பிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனுஷியிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்கு அவள் சாகத்தான் வேண்டுமா? கோபத்தோடு யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. நானும் அவரை ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்: "ஒங்களுக்கு என்ன ஆசை? எதுன்னாலும் சொல்லுங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். "டாக்டரப் பாத்தியா? எனக்கு என்னவாம்?" என்றார்.

சிரித்துச் சிரித்துத் தையல் போட்ட இடம் வலித்தது. ஒன்றுமில்லை, சும்மாதான் கேட்கிறேன் என்று அவரை நம்ப வைப்பதற்குள் பஸ் எடுக்கும் நேரம் வந்துவிட்டது. சாயங்காலம் திரும்பி வந்ததும் வாசலில் நின்றே சொன்னார்: "நாள் பூராவும் யோசிச்சேன். செண்பகத்தோப்புக்குப் போயி ஓடையில காலப் போட்டுட்டு உக்காரணும். நீயும் வரணும்." நாங்கள் போனோம். தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. காலையில் யார் முந்துகிறோமோ அவர் மற்றவரைக் கேட்போம். பெரும்பாலும் சின்ன ஆசைகள்தான். கேப்பைக் களி, ஒரு மேட்னி ஷோ, மதியம் யாரும் எழுப்பாத ஒரு தூக்கம். ஒருநாள் கப்பலில் போக வேண்டும் என்றார், கண்மாயில் பரிசல்தான் கிடைத்தது. அன்றைக்கு முடிகிறதை நாளைக்கு என்று தள்ளக் கூடாது என்பது ஒன்றே சட்டம். சண்டை போட்ட நாட்களிலும் கேட்டோம். "ஒன் மூஞ்சியப் பாக்காம இருக்கணும், அதான் ஆசை" என்று ஒரு தரம் சொன்னார். நானும் அன்று முழுவதும் பொன்னுத்தாய் வீட்டிலேயே இருந்துவிட்டேன். பொழுது சாய்வதற்குள் கூப்பிட வந்துவிட்டார்.

வசந்தாவுக்குக் கல்யாணம் முடிந்த மறு வருஷம், தொண்ணூறுகளின் நடுவில், ஒரு லீவு நாளில் அவர் போய்விட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்தார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திறந்து பார்க்கவோ மூடவோ நேரம் இருக்கவில்லை. எனக்குக் கண்ணீர் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம், "அழுதுரு குருவம்மா, அடக்கி வைக்காத" என்று பயந்தார்கள். எனக்கு அழத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் படையல் போட வேண்டும். போனவர் எதற்காவது ஆசைப்பட்டு, கிடைக்காமல் போயிருந்தால் அதைச் செய்து இலையில் வைப்பது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் ஆத்மா அந்த ஆசையோடு வாசலையே சுற்றிக்கொண்டிருக்குமாம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பொன்னுத்தாய் கரண்டியோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"மதினி, எங்க அண்ணன் எதுக்காச்சும் ஆசைப்பட்டுக் கெடைக்காமப் போனது உண்டா? யோசிச்சுச் சொல்லுங்க. வச்சிருவோம்."

யோசித்தேன். நல்லா யோசித்தேன். போன அன்றைக்குக் காலையில் நெத்திலிக் குழம்பு கேட்டார், வைத்துக் கொடுத்திருந்தேன். அதற்கு முந்தின நாள் வசந்தாவைப் பார்க்க வேண்டும் என்றார், போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அதற்கு முந்தின நாள், அதற்கும் முந்தின நாள் என்று ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். அடுப்பைச் சுற்றியிருந்த பெண்கள் எல்லாம் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல பொன்னுத்தாயி" என்றேன்.

"துக்கத்துல மறந்திருப்பீக. செத்த நேரம் பொறுத்து யோசிங்க."

"மறக்கல. அவிய கேட்டு நான் கொடுக்காதது ஒண்ணுமில்ல. நான் கேட்டு அவிய கொடுக்காததும் ஒண்ணுமில்ல. வீட்டுல என்ன இருக்கோ அத வச்சுக் கும்புட்டுக்கிடுவோம்."

பொன்னுத்தாய் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் போன பிறகு நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.